உயிரணுக்களை எண்ணிய கருவி

திண்டுக்கல் என்ற பெயரைக் கேட்டவுடனே பூட்டு நினைவுக்கு வருவது இயல்பு. ஊருக்கு மேலே உயர்ந்து நிற்கும் மலைக்கோட்டையைக் கண்டிராதவர்கள்கூட, ஏதேனும் ஒரு வீட்டு வாசலில் திண்டுக்கல் பூட்டைக் கண்டிருப்பார்கள். மாங்காயின் வடிவத்தில் கையாலே செய்யப்படும் அந்தப் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த ஊரைச் சூழ்ந்த சமவெளியிலே பிறந்து, அங்கேயே கல்லூரி ஆசிரியனாகக் காலம் கழித்தவன் நான். இன்று உங்களுக்கு ஒரு விஞ்ஞானக் கருவியின் வரலாற்றைச் சொல்ல வந்திருக்கிறேன். ஆனால், அந்த வரலாற்றை ஒரு பூட்டுக் கடையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். வீட்டுக்குப் பூட்டு வாங்கி வருமாறு என் தந்தையார் பணம் கொடுத்து அனுப்பினார். கடையில் இருந்தவற்றுள் மிகப் பெரியதைச் சுட்டிக் காட்டினேன். பூட்டுச் செய்யும் பெரியவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, “எந்தக் கதவுக்குத் தம்பி?” என்று கேட்டார். “வாசற் கதவுக்கு” என்றேன். “நாதாங்கி எவ்வளவு பருமன்?” என்றார். எனக்குத் தெரியவில்லை. “முதலில் கதவைப் பார்த்துவிட்டு வா. பூட்டு எங்கும் ஓடிப் போய்விடாது” என்று சொல்லி, மீண்டும் அரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். அன்று எனக்குச் சினம் வந்தது. அவர் சொன்னதன் பொருள் விளங்குவதற்கு நாற்பது ஆண்டுகள் சென்றன.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், எங்கள் கல்லூரி ஆராய்ச்சிக் கூடத்துக்கு ஒரு ஃப்ளோ சைட்டோமீட்டர் வாங்குவதற்கு நிதி கிடைத்தது. ஒரே முறை கிடைக்கும் நிதி. தவறாகச் செலவிட்டால் மீண்டும் கேட்பதற்கில்லை. கருவியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள். மேசைமேல் இரண்டு விலைப்பட்டியல்கள் இருந்தன. ஒன்று பல லேசர்களும் பல நிறங்களும் கொண்ட பெரிய கருவிக்கு. மற்றொன்று சிறிய கருவிக்கு. பணம் இரண்டுக்கும் போதுமானதாக இருந்தது. நான் தயக்கமின்றிப் பெரியதைச் சுட்டிக் காட்டினேன். அப்பொழுது எங்கள் துறையின் இளம் ஆசிரியை ஒருவர், “ஐயா, நாம் எதை எண்ணப் போகிறோம்?” என்று கேட்டார். அவையிலே அமைதி நிலவியது. பூட்டுக் கடைப் பெரியவரின் குரல் எனக்கு மீண்டும் கேட்டது. முடிவை ஒரு வாரம் ஒத்திவைத்தோம். அந்த ஒரு வாரத்தில் அந்தக் கருவியின் வரலாற்றை நான் தேடிப் படித்தேன். படித்தவற்றுள் இன்றியமையாதவற்றை இங்கே கூறுகிறேன்.

இக்கருவி செய்யும் வேலை யாது? மதுரைச் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் எத்தனை பேர் மஞ்சள் ஆடை உடுத்தியிருக்கிறார்கள் என்று எண்ண வேண்டுமானால், கூட்டத்துக்குள் புகுந்து எண்ண இயலாது. ஒரு குறுகிய வாயில் அமைத்து, ஒவ்வொருவராக உள்ளே விட்டு, வாயிலருகே நின்று எண்ணலாம். ஃப்ளோ சைட்டோமீட்டர் அத்தகைய வாயில். இரத்தத்திலோ நீரிலோ உள்ள உயிரணுக்களை மெல்லிய நீரோட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டு, ஒவ்வொன்றின் மீதும் லேசர் ஒளியைப் பாய்ச்சுகிறது. ஒளி எவ்வளவு சிதறுகிறது என்பதைக் கொண்டு அணுவின் பருமனையும், அதன் உள்ளே துகள்கள் எவ்வளவு நிறைந்துள்ளன என்பதையும் மதிப்பிடுகிறது. அணு என்ன நிறத்தில் ஒளிர்கிறது என்பதைக் கொண்டு அதன் இனத்தை அறிகிறது. ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான உயிரணுக்களை இவ்வாறு ஆராய்ந்துவிடும்.

இதற்கு முன்னர் உயிரணுக்களைக் கண்ணால்தான் எண்ணினார்கள். சதுரக் கோடிட்ட கண்ணாடித் தட்டில் ஒரு துளி இரத்தத்தை வைத்து, நுண்ணோக்கியில் பார்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளவற்றை எண்ணிக் கூட்டுவார்கள். கண் களைக்கும்; இருவர் எண்ணினால் இரு விடைகள் வரும். 1934-ஆம் ஆண்டில் கனடா நாட்டு மான்ட்ரியல் நகரில் ஆண்ட்ரூ மோல்டவன் என்பவர், மெல்லிய கண்ணாடிக் குழாயில் அணுக்களை ஓடவிட்டு ஒளிமின் கருவியால் எண்ணலாம் என்று எழுதினார். கருத்து நல்லது; அதை நடைமுறைக்குக் கொணர்வதுதான் கடினமாக இருந்தது.

அமெரிக்கரான வாலஸ் கோல்ட்டர் வேறு வழியில் சென்றார். உப்பு நீரில் மின்சாரம் எளிதாகப் பாயும். உயிரணு மின்சாரத்தைத் தடுக்கும். ஆகவே, ஒரு மிகச் சிறு துளையின் வழியே உப்பு நீரையும் மின்சாரத்தையும் செலுத்தி, அதிலே ஓர் உயிரணு நுழையும்போதெல்லாம் மின்னோட்டத்தில் ஏற்படும் தடங்கலை எண்ணினால் போதும். தடங்கலின் அளவு உயிரணுவின் பருமனைக் காட்டும். சிகரெட்டுப் பெட்டியின்மீது சுற்றியிருந்த மெல்லிய செலோபேன் தாளில், சூடேற்றிய ஊசியால் துளையிட்டு அவர் முதற்சோதனை செய்தார் என்று கூறுவர். புகையிலையும் சுருட்டும் வளர்த்த ஊரைச் சேர்ந்த எனக்கு, அந்தப் பெட்டியின் மேலுறை நல்ல காரியம் ஒன்றுக்குப் பயன்பட்டதை அறிந்து மகிழ்ச்சி உண்டாயிற்று. 1949-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1953-இல் அவருக்குக் கிடைத்தது. அதே 1953-இல், இலண்டனில் கிராஸ்லண்ட் டெய்லர் என்பவர், அணுக்கள் கொண்ட நீரைச் சுற்றித் தூய நீரை உறைபோல ஓடவிட்டால், அணுக்கள் நடுவிலே ஒற்றை வரிசையாகச் செல்லும் என்று காட்டினார். இன்றைய கருவிகள் பலவற்றில் இந்த உறைநீர் உண்டு.

அடுத்த படி மிகவும் சுவையானது. கோல்ட்டர் கருவியில் இரத்தச் சிவப்பணுக்களை அளந்தபோது, அவை பெரியவை, சிறியவை என இரு கூட்டங்களாகத் தோன்றின. இரு வகைச் சிவப்பணுக்கள் உண்மையிலேயே உள்ளனவா, அன்றிக் கருவி நம்மை ஏமாற்றுகிறதா? அமெரிக்காவில் லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த மேக் ஃபுல்வைலர் இந்த ஒரு கேள்விக்காக ஒரு கருவியையே படைத்தார். அச்சுமையைத் துளித் துளியாகத் தெளித்து எழுதும் முறையை ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்டு ஸ்வீட் என்பவர் உருவாக்கியிருந்தார். அதைப் பின்பற்றி, உயிரணு உள்ள துளிக்கு மின்னூட்டம் கொடுத்து, அதை வேண்டிய கிண்ணத்தில் விழச் செய்தார் ஃபுல்வைலர். பெரியவற்றைத் தனியாகவும் சிறியவற்றைத் தனியாகவும் பிரித்து மீண்டும் அளந்தபோது, ஒவ்வொரு கிண்ணத்திலும் அதே இரு கூட்டங்கள் தோன்றின! இரு வகை அணுக்கள் இல்லை. துளைக்குள் நுழையும் கோலமே அளவை மாற்றிக் காட்டியது. கருவியின் பொய்யைக் கண்டுபிடிக்க எழுந்த மற்றொரு கருவி, 1965-இல் உயிரணுக்களைப் பிரித்தெடுக்கும் முதற்கருவியாக வெளிவந்தது.

பின்னர் ஒளிர்வு வந்து சேர்ந்தது. ஜெர்மனியில் வோல்ஃப்காங் கோடே 1968-இல் ஒளிரும் சாயங்களைக் கொண்டு அளக்கும் கருவியை அமைத்தார். ஸ்டான்ஃபோர்டில் லெனார்டு ஹெர்சன்பெர்க் ஒளிரும் உயிரணுக்களை நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்துக் கண் சலித்தவர். இதைச் செய்ய ஒரு கருவி இருக்கத்தான் வேண்டும் என்று தேடி, ஃபுல்வைலரின் கருவியைக் கண்டடைந்தார். அதனோடு ஒளிர்வையும் லேசரையும் இணைத்து அவருடைய குழுவினர் உருவாக்கிய கருவி, 1970-களின் நடுப்பகுதியில் விற்பனைக்கு வந்தது. 1975-இல் கோலரும் மில்ஸ்டீனும் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு உற்பத்தி செய்யும் வழியைக் கண்டார்கள். 1984-இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார்கள். எதிர்ப்பொருள் என்பது திண்டுக்கல் சாவி போன்றது. தனக்குரிய பூட்டில் மட்டுமே பொருந்தும். அச்சாவியில் ஒளிரும் சாயத்தைக் கட்டிவிட்டால், எந்த உயிரணுவின் மேல் அந்தப் பூட்டு இருக்கிறதோ அந்த உயிரணு மட்டும் ஒளிரும்.

இந்தச் சாவி தமிழ்நாட்டிலே எவ்வாறு உயிர் காக்கப் பயன்பட்டது என்பதை இனிக் காண்போம்.

1980-களின் நடுப்பகுதியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் மாணவியாக இருந்த டாக்டர் நிர்மலா, பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் எய்ட்ஸ் நோயைப் பற்றி ஆராயத் தொடங்கினார். இந்தியாவில் அந்நோய் இல்லை என்றே பலரும் எண்ணியிருந்த காலம் அது. சேகரித்த இரத்த மாதிரிகளை வைப்பதற்குத் தக்க வசதியின்றி, தம் வீட்டுக் குளிர்பெட்டியில் அவற்றை நிர்மலா பாதுகாத்தார். பின்னர்ப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, இரவு இரயிலில் காட்பாடிக்குக் கொண்டுசென்று, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தார்கள். ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. தொற்று காணப்பட்டது. அமெரிக்காவில் செய்த மறுசோதனையும் அதை உறுதிப்படுத்தியது. இந்தியாவில் அந்நோய் இருப்பது இவ்வாறுதான் முதன்முதலில் தெரிய வந்தது. அன்றைய கேள்வி, ‘நோய் உண்டா, இல்லையா?’ என்பது. அதற்கு ஃப்ளோ சைட்டோமீட்டர் தேவைப்படவில்லை.

அதன்பின் வேறொரு கேள்வி எழுந்தது. தொற்றுள்ள ஒருவரின் உடல் எவ்வளவு வலிமை இழந்திருக்கிறது? எச்.ஐ.வி. கிருமி, சி.டி.4 என்னும் குறியைத் தாங்கிய வெள்ளணுக்களைத் தாக்கி அழிக்கிறது. நலமுள்ளவரின் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் அவை ஏறக்குறைய 500 முதல் 1,500 வரை இருக்கும். 200-க்குக் கீழே இறங்கினால் பேராபத்து. இந்த எண்ணிக்கையைச் சொல்லவல்ல கருவி ஃப்ளோ சைட்டோமீட்டரே. 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கிய மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. மருந்தை எவருக்கு எப்பொழுது தொடங்குவது என்பதை முடிவு செய்வதில் அந்த எண் பெரும்பங்கு வகித்தது. ஓர் எண் தாமதமானால் ஒரு தாயின் மருந்து தாமதமாகும்.

அப்பொழுது கருவியைத் தேர்ந்தெடுப்போர் முன் நின்ற வினாக்களைக் கருதிப் பாருங்கள். சி.டி.4 எண்ணுவதற்கு எடுத்த இரத்தம் உயிருள்ள பொருள். பொதுவாக ஓரிரு நாள்களுக்குள் அதைச் சோதித்துவிட வேண்டும். எதிர்ப்பொருள்களையோ 2 முதல் 8 பாகை வரையுள்ள குளிரில் வைத்துக் காக்க வேண்டும். ஆகவே, தலைநகரில் ஒரு பெரிய கருவியை நிறுத்தி ஊர்தோறும் இருந்து இரத்தத்தை வரவழைப்பதா, அன்றி எளிய கருவிகளைப் பல ஊர்களில் வைப்பதா என்ற கேள்வி எழுந்தது. உலகின் பல ஏழை நாடுகளிலும் இதே கேள்வி எழுந்தது. சி.டி.4 ஒன்றை மட்டுமே எண்ணும் சிறு கருவிகள் அதற்கு விடையாக வந்தன. தென்னாப்பிரிக்காவில் டெபோரா கிளென்க்ராஸ் முதலானோர், விலையுயர்ந்த எதிர்ப்பொருள்களின் எண்ணிக்கையைக் குறைத்து, செலவைச் சுருக்கும் முறையை 2002-இல் வெளியிட்டார்கள். அவர்கள் புதிய கருவியைப் படைக்கவில்லை, கேள்வியைச் சுருக்கினார்கள்.

ஆனால் வரலாறு அங்கே நிற்கவில்லை. தொற்றுள்ள எல்லாருக்கும் உடனே மருந்து கொடுக்க வேண்டும் என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. 2017-இல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. மருந்தைத் தொடங்குவதற்குச் சி.டி.4 எண்ணிக்கை இனித் தேவையில்லை. மருந்து வேலை செய்கிறதா என்பதை இரத்தத்தில் உள்ள கிருமியின் அளவே தெளிவாகக் காட்டுகிறது. நோய் முற்றியவர்களை அடையாளம் காணச் சி.டி.4 இன்றும் பயன்படுகிறதென்றாலும், அதன் பழைய ஆட்சி முடிந்தது. அந்த ஒன்றை மட்டுமே எண்ணத் தெரிந்த கருவிகளுள் சிலவற்றின் உற்பத்தியே நின்றுபோயிற்று. அவை வீணான கருவிகள் அல்ல. தங்கள் கேள்விக்கு விடை சொல்லிவிட்டு ஓய்வு பெற்றவை. அவற்றால் உயிர் பிழைத்தோர் பலர்.

வீணான கருவி எது என்பதையும் நான் கண்டிருக்கிறேன். ஓர் ஆராய்ச்சிக் கூடத்துக்கு விருந்தினனாகச் சென்றிருந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டா. குளிரூட்டிய அறையிலே, வெள்ளைத் துணி போர்த்தி, பெரிய ஃப்ளோ சைட்டோமீட்டர் ஒன்று நின்றது. துணியை விலக்கினேன், மேலே தூசி, கீழே காய்ந்துபோன குழாய். வாங்கியபோது செலவிட்ட பணத்தோடு நிதி தீர்ந்துவிட்டது. எதிர்ப்பொருள் வாங்கவும் பழுது பார்க்கவும் ஆண்டுதோறும் செலவாகும் என்று எவரும் எண்ணவில்லை. இயக்கத் தெரிந்த ஒரே மாணவர் பட்டம் பெற்றுப் போய்விட்டார். எந்தக் கதவுக்கு என்று கேளாமல் வாங்கிய பூட்டு அது.

ஒரு வாரம் கழிந்து எங்கள் குழு மீண்டும் கூடியது. இம்முறை விலைப்பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு, எங்கள் ஊரைப் பார்த்தோம். திண்டுக்கல் சமவெளி மழையை எதிர்நோக்கி வாழும் பூமி. திண்டுக்கல் நகரத்துக்கு நீர் வழங்கி வந்த ஆத்தூர்க் காமராசர் சாகர் அணையாயினும், ஊர்தோறும் உள்ள கண்மாயாயினும், தேங்கிய நீரே எங்களுக்குச் செல்வம். தேங்கிய நீரில் வெயிலும் உரச்சத்தும் சேர்ந்தால் பாசி பெருகும். அவற்றுள் பசும்பாசி பெரும்பாலும் தீங்கற்றது. நீலப்பசும் பாசியிலோ நஞ்சு சுரக்கும் இனங்கள் உண்டு. 1996-இல் பிரேசில் நாட்டுக் கருவாரு நகரில் சிறுநீரக நோயாளிகளின் இரத்தத்தைத் தூய்மை செய்யப் பயன்படுத்திய நீரில் அந்நஞ்சு கலந்திருந்ததால், ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். எங்கள் குளங்களில் எந்தப் பாசி, எந்த மாதத்தில், எவ்வளவு பெருகுகிறது? இதுவே எங்கள் கதவு.

நீர்வாழ் உயிர்களை எண்ண இந்தக் கருவி உதவும் என்பதற்கு உலகச் சான்று உண்டு. சாலி சிஸ்ஹோமும் ராபர்ட் ஓல்சனும் ஃப்ளோ சைட்டோமீட்டரைக் கப்பலில் ஏற்றி நடுக்கடலுக்குக் கொண்டுசென்றார்கள். அங்கே எவரும் அறியாத மிகச் சிறிய உயிரணுக்கள் மங்கலாக ஒளிர்வதைக் கண்டு, 1988-இல் உலகுக்கு அறிவித்தார்கள். புரோகுளோரோகாக்கஸ் என்னும் அவ்வுயிரே, ஒளியால் உணவு தயாரிக்கும் உயிர்களுள் எண்ணிக்கையில் உலகிலேயே மிகுதியானது. மருத்துவமனைக்காக வளர்ந்த கருவியைக் கடலின் கேள்வி தன்வசமாக்கிக் கொண்டது.

எங்கள் கேள்வி தெளிவானவுடன் தேர்வும் தெளிவாயிற்று. பாசிக்கு எதிர்ப்பொருள் என்னும் சாவி வேண்டியதில்லை. பச்சையம் தானே செந்நிறமாய் ஒளிரும். ஆகவே, விலையுயர்ந்த குளிர்ப்பொருள்களின் தேவை பெரிதும் குறைந்தது. 488 நானோமீட்டர் நீல லேசர் பச்சையத்தைத் தூண்டும். ஆனால் நன்னீரில் வாழும் நீலப்பசும் பாசியில் உள்ள பைக்கோசயனின் என்னும் நிறப்பொருளை அந்நீல ஒளி அவ்வளவாகத் தூண்டாது. அதற்கு 640 நானோமீட்டர் அளவிலுள்ள சிவப்பு லேசர் வேண்டும். நீலம் மட்டும் கொண்ட கருவியை வாங்கியிருந்தால், பசும்பாசியையும் நீலப்பசும் பாசியையும் பிரித்தறிய இடர்ப்பட்டிருப்போம். பெரிய கருவியில் இருந்த ஊதா லேசரோ எங்களுக்குத் தேவையே இல்லை. மேலும், உறிஞ்சிய நீரின் கன அளவைத் தானே அறியும் கருவியாக இருந்தால், எண்ணிக்கைக்கு அளவுகோலாக நுண்மணிகளை ஒவ்வொரு முறையும் வாங்க வேண்டியதில்லை. பாசி இழைகள் குழாயை அடைக்கும் என்பதால், எளிதில் கழற்றிக் கழுவத்தக்க குழாய் வேண்டும். கோடை வெப்பத்தில் மின்சாரம் நின்றால் என்ன செய்வது, பழுது பார்க்க வருபவர் எத்தனை நாளில் வந்து சேருவார் என்றும் கேட்டு, விடைகளை எழுத்தில் வாங்கிக்கொண்டோம். நீலமும் சிவப்பும் கொண்ட சிறிய கருவியையே தேர்ந்தோம். மிஞ்சிய பணத்தில் பராமரிப்புக்கு ஒரு பகுதியையும், மூன்று மாணவர்களைப் பயிற்றுவிக்க ஒரு பகுதியையும் ஒதுக்கினோம்.

எங்கள் மண்ணில் இத்தகைய சிந்தனை புதியதன்று. மருத்துவரான டி. எஸ். சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அம்மையார் முதலில் பெரிய மருத்துவமனையைக் கட்டிவிட்டு நோயாளிகளுக்காகக் காத்திருக்கவில்லை. சின்னாளப்பட்டியிலே ஒரு சிறு மருத்துவ விடுதியாகத் தொடங்கினார். கிராமத்தின் தேவை வளர வளர மருத்துவமனையும் வளர்ந்தது.

எங்கள் கருவி வந்து சேர்ந்த பின்னர், கல்லூரிக்கு அருகிலுள்ள குளத்தின் நீரை மாணவர்கள் எடுத்து வந்தார்கள். முதல் நாளிலேயே இழைப் பாசி குழாயை அடைத்துக்கொண்டது. நான் மனம் சோர்ந்தேன், அவர்கள் சோரவில்லை. நுண்வலையில் வடிகட்டி மீண்டும் முயன்றார்கள். வலையில் தங்கிய பெரிய திரள்கள் எண்ணிக்கையில் சேராமல் போகும் என்பதை உணர்ந்து, அவற்றைப் பழைய நுண்ணோக்கியில் பார்த்துத் தனியே எண்ணிக் குறித்துக்கொண்டார்கள். கருவி பொய் சொல்லக்கூடும் என்று ஃபுல்வைலர் காட்டிய பாடத்தை அவர்கள் மறக்கவில்லை. அன்று மாலை, திரையில் புள்ளிகள் இரு மேகங்களாகப் பிரிந்து தோன்றின. ஒன்று பசும்பாசி, மற்றொன்று நீலப்பசும் பாசி. அந்தக் குளத்தங்கரையில் வளர்ந்த மாணவி ஒருத்தி நெடுநேரம் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “இதைத்தானே ஐயா நாங்கள் நாள்தோறும் குடத்தில் மொண்டோம்?” என்று மட்டும் கேட்டாள். அன்று முதல் மாதந்தோறும் அந்தக் குளத்து நீரை எடுத்து வரும் பொறுப்பை அவளே ஏற்றுக்கொண்டாள்.

மாணவ நண்பர்களே! உங்களுள் பலர் நாளை ஆராய்ச்சிக் கூடங்களில் அமர்வீர்கள். இன்றுள்ளவற்றைவிடச் சிறந்த கருவிகள் உங்கள்முன் வரிசையாக நிற்கும். அவற்றின் ஒளியில் மயங்கிப் பெரியதைச் சுட்டிக் காட்ட உங்கள் விரலும் எழும். என் விரல் இருமுறை எழுந்தது. அப்பொழுது அரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்ட அந்தப் பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கதவுக்கு என்று சொல்லத் தெரிந்த பின்னரே பூட்டின் விலையைக் கேளுங்கள்.